178 பேர் இருக்கும் 'சிட்டி': கான்சஸ் லெபனானின் கணக்கு

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் லெபனான் என்றோர் ஊர் இருப்பதையும், 2020 கணக்கெடுப்பின்படி அங்கு 178 பேரே வாழ்ந்ததையும், அப்படியிருந்தும் அரசு அட்டவணைகள் அதை 'சிட்டி' என்றே குறிப்பதையும் படித்திருக்கிறீர்கள். இது அச்சுப்பிழையா, இல்லையென்றால் கோதுமை விளையும் நல்ல மண்ணில் இருக்கும் ஊர் ஏன் காலியாகிறது, இருபது முப்பது ஆண்டுகளில் அது இல்லாமலே போய்விடுமா, அந்தப் பக்கம் போனால் பார்க்க ஏதேனும் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்விகள் நான்காக இருந்தாலும், முதல் மூன்றுக்கும் அடியில் கிடப்பது ஒன்றுதான்: ஓர் ஊரின் அளவை ஊருக்குள் நடப்பது தீர்மானிக்கிறதா, ஊரைச் சுற்றி நடப்பது தீர்மானிக்கிறதா? லெபனானைப் பொறுத்தவரை சுற்றி நடந்ததுதான் தீர்மானித்தது என்பது என் முடிவு. ஏன் என்பதை எண்களோடு விளக்க முயல்கிறேன்.

நான் கல்லூரியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் புவியியல் கற்பித்தவன். குடியிருப்புகளின் பரவலும் மக்கள்தொகைக் கணக்கும் என் பாடம். இடையில் இரண்டு ஆண்டுகள் பக்கத்து மாநிலமான நெப்ராஸ்காவில் ஆய்வுப் பணியில் இருந்தபோது மூன்று முறை லெபனானுக்குக் கார் ஓட்டிப் போயிருக்கிறேன். அங்கு வாழ்ந்தவன் அல்லன். ஆகவே கணக்கையும் நிலத்தையும் பற்றி உறுதியாகப் பேசுவேன். அங்குள்ளவர்கள் மனத்தில் என்ன இருக்கிறது என்பதை அவர்கள்தான் சொல்ல வேண்டும்.

முதலில் 'சிட்டி' என்ற சொல். கான்சஸில் சட்டப்படி உள்ளாட்சி அமைத்துக்கொண்ட ஒவ்வோர் ஊரும், அதில் பத்துப் பேர் இருந்தாலும் லட்சம் பேர் இருந்தாலும், 'சிட்டி' என்றே அழைக்கப்படுகிறது. அவற்றை மக்கள்தொகையை ஒட்டி முதல், இரண்டாம், மூன்றாம் நிலை என்று பிரிக்கிறார்கள். லெபனான் மூன்றாம் நிலையைச் சேர்ந்தது. அதாவது அச்சொல் அளவைக் குறிக்கவில்லை, உள்ளாட்சி உரிமையைக் குறிக்கிறது. நம்மிடம் பேரூராட்சி என்ற சொல் ஒரு நிர்வாகத் தகுதியைச் சொல்கிறதே தவிர ஊர் பெரியதா என்பதைச் சொல்வதில்லை என்பதைப் போல. அமெரிக்கக் கணக்கெடுப்புத் துறையின் பார்வையிலோ லெபனான் கிராமப்புறம்தான். நீண்ட காலம் 2,500 பேர் இருந்தால் நகர்ப்புறம் என்று கொண்டவர்கள், 2020 கணக்கெடுப்புக்கு அதை 5,000 பேர் அல்லது 2,000 வீடுகள் என்று உயர்த்திவிட்டார்கள். நம் நாட்டுக் கணக்கெடுப்பு 5,000 மக்கள், சதுர கிலோமீட்டருக்கு 400 பேர் அடர்த்தி, முதன்மைத் தொழிலாளர்களான ஆண்களில் முக்கால்வாசிப் பேர் வேளாண்மைக்கு வெளியே என மூன்று நிபந்தனைகள் வைக்கிறது. எந்த அளவுகோலை வைத்தாலும் லெபனான் நகரமாகத் தேறாது. ஒரே ஊர் ஓர் ஆவணத்தில் சிட்டியாகவும் இன்னோர் ஆவணத்தில் கிராமப்புறமாகவும் இருப்பதில் முரண் ஏதும் இல்லை. இரண்டும் வெவ்வேறு கேள்விகளுக்கான விடைகள்.

ஊர் இருக்கும் இடத்தைச் சொல்லாமல் மேலே போக முடியாது. கான்சஸின் வடக்கு எல்லையிலிருந்து பன்னிரண்டு, பதின்மூன்று மைல் தெற்கே, கிழக்கு மேற்காகப் பார்த்தால் மாநிலத்தின் நடுப்பகுதியில், ஸ்மித் கவுண்டியின் கிழக்குப் பக்கம் லெபனான் இருக்கிறது. கவுண்டி என்பது நம் வட்டத்துக்கும் மாவட்டத்துக்கும் இடைப்பட்ட ஒரு நிர்வாகப் பகுதி. கான்சஸில் மொத்தம் 105 உண்டு. ஊரின் வடமேற்கே இரண்டு மைல் தொலைவில், ஒரு சிறு சாலையின் முடிவில், கல்லடுக்கிக் கட்டிய ஒரு தூண் நிற்கிறது. அலாஸ்காவையும் ஹவாயையும் சேர்க்காமல் எஞ்சிய 48 மாநிலங்களின் புவியியல் மையம் இதுவென்று அதில் பொறித்திருக்கிறார்கள். லெபனானின் பெயர் வெளியில் தெரிவதற்கு அநேகமாக இதுவே காரணம்.

அந்த மையத்தைக் கண்டுபிடித்த கதை மாணவர்களுக்கு நான் விரும்பிச் சொல்லும் கதை. 1918இல் அமெரிக்கக் கடலோர, புவி அளவைத் துறையினர் நாட்டின் வரைபடத்தைத் தடித்த அட்டையில் வெட்டியெடுத்து, ஒரு முனையில் அது சாயாமல் நிற்கும் புள்ளியைத் தேடினார்கள். தட்டை விரல் நுனியில் நிறுத்தும் குழந்தை செய்வதும் அதேதான். அட்டையின் தடிமனும் வெட்டின் நேர்த்தியும் சேர்ந்து பத்து இருபது மைல் பிழையைத் தரக்கூடிய முறை அது. பூமியின் வளைவையும் கடற்கரையின் நெளிவையும் எப்படிக் கணக்கில் கொள்வது என்பதைப் பொறுத்து மையம் இடம் மாறும். தூணும் அந்தப் புள்ளியில் நிற்கவில்லை. கணக்கிட்ட இடம் ஒருவருடைய பண்ணைக்குள் வந்ததால் அரை மைல் தள்ளித்தான் 1940 வாக்கில் அதை எழுப்பினார்கள். 1959இல் அலாஸ்காவும் ஹவாயும் மாநிலங்களானதும் முழு நாட்டின் மையம் வடமேற்கே தெற்கு டகோட்டாவுக்குப் போய்விட்டது. ஆக, லெபனானுக்கு எஞ்சியிருப்பது நிபந்தனையோடு கூடிய ஒரு பெருமை.

இதோடு இன்னொன்றைப் பலரும் குழப்பிக்கொள்கிறார்கள். லெபனானிலிருந்து நாற்பது மைல் தெற்கே ஆஸ்போர்ன் கவுண்டியில் மீட்ஸ் ராஞ்ச் என்ற மேய்ச்சல் நிலத்தில் ஓர் அளவைக் குறி பதித்திருக்கிறார்கள். 1927இன் வட அமெரிக்க அளவைச் சட்டகம் அந்தக் குறியைத் தொடக்கப் புள்ளியாகக் கொண்டது. கண்டத்தின் நிலப்பதிவுகளும் எல்லைகளும் பல பத்தாண்டுகள் அங்கிருந்து அளந்து வந்தவை. இந்திய அளவைக்கு மத்தியப் பிரதேசத்துக் கல்யாண்பூர் எப்படித் தொடக்கப் புள்ளியாக இருந்ததோ, அப்படி அங்கே மீட்ஸ் ராஞ்ச் இருந்தது. லெபனான் தூண் சுற்றுலாப் பயணிகளுக்கானது, மீட்ஸ் ராஞ்ச் குறி நில அளவையருக்கானது. மக்கள்தொகை மையம் மூன்றாவது சங்கதி. எல்லா மக்களும் ஒரே எடை என்று வைத்துக் கணக்கிட்டால் நாடு சாயாமல் நிற்கும் புள்ளி 1790இல் மேரிலாந்தில் இருந்தது, 2020இல் மிசௌரியின் ஹார்ட்வில் அருகே வந்திருக்கிறது. நிலத்தின் நடுவை நோக்கி மக்களின் நடு இரு நூற்றாண்டுகளாக நகர்ந்துவந்தும் அதை இன்னும் எட்டவில்லை. அது கான்சஸைத் தொடாமல் தென்மேற்காக ஒதுங்கிப் போய்க்கொண்டிருக்கிறது.

சமவெளி என்றதும் மேசைப் பலகை போன்ற நிலத்தைக் கற்பனை செய்கிறோம். கான்சஸ் மேற்கே கொலராடோ எல்லையில் 4,000 அடிக்கு மேல் உயர்ந்து, தென்கிழக்கு மூலையில் 700 அடிக்கும் கீழே இறங்கும் ஒரு நீண்ட சரிவு. கண்ணுக்குச் சரிவு தெரியாது. ஆறுகளுக்குத் தெரியும், பெரும்பாலானவை கிழக்கு நோக்கியே ஓடுகின்றன. லெபனான் ஏறத்தாழ 550 மீட்டர் உயரத்தில், வடக்கே ரிபப்ளிகன் ஆற்றுக்கும் தெற்கே சாலமன் ஆற்றின் வட கிளைக்கும் இடைப்பட்ட மேட்டு நிலத்தில் இருக்கிறது. நிலம் அலையலையாக ஏறி இறங்கும். ஓடைக்கரைகளில் மட்டும் மரம். மழை ஆண்டுக்குச் சுமார் 600 மில்லிமீட்டர், பெரும்பகுதி ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை. 600 மில்லிமீட்டர் என்பது நம் இராமநாதபுரத்துக்காரருக்கும் குறைவாகத்தான் படும். அங்கே குளிர்காலம் நீளமானது, மண் ஆழமானது, காற்றடித்துச் சேர்ந்த வண்டல் ஈரத்தைப் பிடித்து வைக்கும். அதனால் இலையுதிர் காலத்தில் விதைத்துப் பனியைத் தாங்கி ஜூன் கடைசியில் அறுக்கும் குளிர்காலக் கோதுமை அங்கு நிலைத்தது. அந்த வகைக் கோதுமையை 1874இல் ரஷ்யப் பேரரசிலிருந்து குடியேறிய மென்னோனைட் கிறிஸ்தவர்கள் கான்சஸுக்குக் கொண்டுவந்தார்கள். கோதுமைக்கு அடுத்து மக்காச்சோளம், சோயா, பிறகு அவர்கள் 'மைலோ' என்று சொல்லும் தானியம். முதன்முதலில் அதைக் கண்டபோது வண்டியை ஓரமாக நிறுத்தி இறங்கிப் பார்த்தேன். நம் சோளமேதான், இடுப்பளவு உயரத்துக்குக் குட்டையாக்கப்பட்ட சோளம்.

இனி உங்கள் கேள்வியின் மையத்துக்கு வருகிறேன். இந்த நிலத்தை மக்கள் வந்து நிரப்புவதற்கு முன்பே கட்டம் போட்டுவிட்டார்கள். ஆறு மைலுக்கு ஆறு மைல் ஒரு டவுன்ஷிப், அதற்குள் ஒரு சதுர மைல் வீதம் 36 செக்‌ஷன், ஒவ்வொரு செக்‌ஷனும் 640 ஏக்கர், அதில் கால் பங்கான 160 ஏக்கர் ஒரு 'குவார்ட்டர்'. நம் ஊரில் குவார்ட்டர் என்றால் நினைவுக்கு வருவது வேறு. அங்கே இன்றும் விவசாயிகள் நிலத்தைக் குவார்ட்டர் கணக்கில்தான் வாங்கி விற்கிறார்கள். 1862இன் ஹோம்ஸ்டெட் சட்டம் ஒரு குடும்பத்துக்கு ஒரு குவார்ட்டர் நிலத்தை, ஐந்து ஆண்டு அங்கேயே குடியிருந்து உழ வேண்டும் என்ற நிபந்தனையோடு, சிறு பதிவுக் கட்டணத்துக்குக் கொடுத்தது. நிலத்திலேயே குடியிருக்க வேண்டும் என்பது முக்கியம். நம் வழக்கத்தில் ஊர் ஒரு பக்கம், வயல் ஒரு பக்கம். விடிந்தால் வயலுக்குப் போய் இருட்டினால் ஊருக்குத் திரும்புவோம். அங்கே ஒவ்வொரு வீடும் தன் வயலின் நடுவில். ஆகவே 'ஊர்' என்பது விவசாயிகள் வாழும் இடமாக உருவாகவில்லை. விவசாயிகளுக்குச் சேவை செய்கிறவர்கள் வாழும் இடமாக உருவாயிற்று. கொல்லன், மளிகைக்கடை, மரவாடி, வங்கி, மருத்துவர், தேவாலயம், தானியத்தை வாங்கி ரயிலேற்றும் கிடங்கு.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு சதுர மைலுக்கு நான்கு குடும்பம், குடும்பத்துக்கு ஐந்து பேர் என்றால் சதுர மைலுக்கு இருபது பேர். ஸ்மித் கவுண்டியின் பரப்பு ஏறத்தாழ 900 சதுர மைல். 1900 கணக்கெடுப்பில் அங்கு 16,384 பேர் இருந்தார்கள். சதுர மைலுக்குப் பதினெட்டு. காகிதத்தில் போட்ட கட்டம் நிலத்தில் அப்படியே இறங்கியிருப்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் எண் எனக்குத் தெரியாது. அந்தப் பதினெட்டுப் பேரும் தானியத்தைக் குதிரை வண்டியில் ஏற்றி ஒரே நாளில் போய் விற்றுவிட்டுத் திரும்ப வேண்டும். ஆகவே ரயில் நிலையங்கள் ஏழெட்டு, பத்து மைலுக்கு ஒன்றாக அமைந்தன. 1887 வாக்கில் ராக் ஐலண்ட் ரயில் பாதை இந்தப் பக்கம் வந்தபோது லெபனான் என்ற குடியிருப்பு பாதையைத் தேடித் தன் பழைய இடத்தைவிட்டு நகர்ந்து வந்தது. சமவெளியில் இது அபூர்வமான செய்தி அல்ல. ரயில் வராத ஊர் ஒன்று பெயர்ந்து போனது, இல்லாவிட்டால் செத்துப்போனது. கவுண்டிகளின் பரப்பையும் ஒரு நாள் வண்டிப் பயணத்தை வைத்துத்தான் வகுத்தார்கள் என்றும் அடிக்கடி சொல்வார்கள். அது நம்பத்தக்க விளக்கமே. ஆனால் வரைபடத்தில் அளவெடுத்து நிலத்தை வகுத்தவர்களுக்கு முப்பது மைலுக்கு முப்பது மைல் என்பது வசதியான சதுரம் என்பதும் அதே அளவு நம்பத்தக்கது. இதில் நான் உறுதி சொல்ல மாட்டேன்.

மக்கள்தொகை வரிசை இதுதான். கவுண்டியின் உச்சம் 1900. ஊரின் உச்சம் 1920, அப்போது லெபனானில் சுமார் 820 பேர். 2000இல் 303, 2010இல் 218, 2020இல் 178. கவுண்டியின் தொகை 2020இல் 3,570. இரண்டு உண்மைகளை இதில் கவனியுங்கள். முதலாவது, சுற்றுப்புறம் குறையத் தொடங்கி இருபது ஆண்டு கழித்தே ஊர் குறையத் தொடங்கியது. விவசாயி போன பிறகும் கடைக்காரர் கொஞ்ச காலம் தாக்குப்பிடிக்கிறார். ஓய்வுபெற்ற விவசாயிகள் பண்ணையைவிட்டு ஊருக்குள் குடிவந்து சில ஆண்டுகள் ஊரைப் பெருக்கியும் காட்டுகிறார்கள். இரண்டாவது, உச்சத்தோடு ஒப்பிட்டால் கவுண்டியில் இன்று எஞ்சியிருப்பது ஏறத்தாழ 22 விழுக்காடு. ஊரிலும் எஞ்சியிருப்பது ஏறத்தாழ 22 விழுக்காடு. தேய்ந்த வேகம் வேறு, வந்து சேர்ந்த இடம் ஒன்று. ஊர் தன் சுற்றுப்புறத்தின் நிழல் என்பதற்கு நான் வைத்திருக்கும் சான்று இந்த 22 தான்.

1930களின் புழுதிப் புயல்கள்தான் இந்த ஊர்களைக் காலி செய்தன என்று நீங்கள் படித்திருக்கலாம். அந்த விளக்கம் லெபனானுக்குப் பொருந்தாது. புயல்களின் கொடுமை உச்சத்தில் இருந்தது கான்சஸின் தென்மேற்கு மூலை, ஓக்லஹோமாவின் மேற்குக் கை, அதை ஒட்டிய டெக்சாஸ், கொலராடோ, நியூ மெக்சிகோ பகுதிகளில். ஸ்மித் கவுண்டியையும் வறட்சி வாட்டியது உண்மை. ஆனால் அங்கு மக்கள் குறையத் தொடங்கியது அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே. நோய் வருவதற்கு முன்பே தொடங்கிவிட்ட மெலிவுக்கு அந்த நோயைக் காரணம் சொல்ல முடியாது.

உண்மையான காரணம் பண்ணையின் அளவு. 1910இல் கான்சஸ் முழுவதும் 1,77,000க்கு மேற்பட்ட பண்ணைகள் இருந்தன. இப்போது 56,000க்கும் குறைவு, சராசரிப் பரப்பு ஏறத்தாழ 800 ஏக்கர். ஐந்து குவார்ட்டர் சேர்ந்து ஒன்றாகிவிட்டது என்று பொருள். 800 ஏக்கருக்கு ஒரு குடும்பம், குடும்பத்தில் இன்றைய வழக்கப்படி இரண்டு அல்லது மூன்று பேர் என்று வைத்தால், சதுர மைலுக்கு இரண்டு பேர் வருகிறார்கள். ஸ்மித் கவுண்டியில் மொத்தமாகப் பார்த்தால் சதுர மைலுக்கு நான்கு பேர். ஆனால் அவர்களில் சுமார் 1,600 பேர் தலைமையூரான ஸ்மித் சென்டருக்குள் இருக்கிறார்கள். அவர்களையும் லெபனான் போன்ற சிற்றூர்க்காரர்களையும் கழித்தால் வயல்வெளியில் எஞ்சுவது சதுர மைலுக்கு இரண்டுக்கும் குறைவு. 1900இன் கணக்கு எப்படிச் சரியாக வந்ததோ அதே போல 2020இன் கணக்கும் வருகிறது. மண் கெடவில்லை, விளைச்சல் குறையவில்லை, ஏக்கருக்கு அன்றைவிட இன்று அதிகம் விளைகிறது. அதை விளைவிக்க ஆள் வேண்டியதில்லை என்பதே செய்தி.

இரண்டாவது முறை போனபோது ஊருக்கு வெளியே ஒரு விவசாயியோடு அரை நாள் இருந்தேன். அறுபது வயது தாண்டியவர். சொந்தமும் குத்தகையுமாகப் பதினாறு குவார்ட்டர் பயிரிடுகிறார், தாமும் மகனும், அறுவடைக்கு மட்டும் இன்னும் இருவர். அவர் அறுவடை மெஷினில் என்னையும் ஏற்றிக்கொண்டார். நாற்பது அடி அகலக் கத்தி ஒரே மூச்சில் கோதுமையைச் சீவிக்கொண்டே போகிறது. முனை திரும்ப அரை மைல். வழியில் வயலின் நடுவே இரண்டு வரிசை மரம், வடக்கிலும் மேற்கிலும், ட வடிவில் நின்றது. உள்ளே வீடு இல்லை, கோதுமைதான் இருந்தது. குளிர்காலக் காற்றைத் தடுக்க ஒரு காலத்தில் ஒரு வீட்டைச் சுற்றி வைத்த மரங்கள் அவை. மெஷினை அந்த மூலையைச் சுற்றி ஒடித்துத் திருப்பியபடி, தம் நிலத்தில் இப்படி ஏழு இருக்கின்றன என்றார். ஒவ்வொன்றுக்கும் ஒரு குடும்பத்தின் பெயரைச் சொன்னார். சிலவற்றில் இன்னும் கிணற்றுக் குழி இருப்பதால் பார்த்து ஓட்ட வேண்டும் என்றும் சொன்னார். மக்கள்தொகை குறைவைப் பற்றி நான் படித்த கட்டுரைகளைவிட அந்த ட வடிவ மரவரிசை எனக்கு அதிகம் புரியவைத்தது. நம் ஊரில் ஆளில்லாத வீடு பூட்டிக் கிடக்கும். அங்கே வீட்டை இடித்து அந்த இடத்தையும் உழுதுவிடுகிறார்கள்.

பண்ணைக் குடும்பம் ஒன்று போனால் அதோடு பள்ளிக்குப் போகும் பிள்ளைகள், கடைக்கு வரும் வாடிக்கை, தேவாலயக் காணிக்கை எல்லாம் சேர்ந்தே போகின்றன. லெபனான் பிள்ளைகள் இப்போது பன்னிரண்டு மைல் மேற்கே ஸ்மித் சென்டருக்குப் படிக்கப் போகிறார்கள். பள்ளி மூடியதால் ஊர் தேய்ந்ததா, தேய்ந்ததால் பள்ளி மூடியதா என்று கேட்பார்கள். இரண்டும் ஒன்றையொன்று இழுத்தன என்பதற்கு மேல் சொல்லச் சான்று போதாது. ஆனால் வயதுக் கட்டமைப்பில் ஐயம் இல்லை. பதினெட்டு வயதில் கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளில் பெரும்பாலோர் திரும்புவதில்லை. அவர்கள் பெறப்போகும் குழந்தைகளும் வேறெங்கோ பிறக்கின்றன. அதன்பின் யாரும் வெளியேறாவிட்டாலும்கூடப் பிறப்பைவிட இறப்பு கூடுதலாக இருப்பதாலேயே எண்ணிக்கை இறங்கும். நாட்டின் இடைநிலை வயது 2020இல் 38.8, இத்தகைய கவுண்டிகளில் அது அதைவிடப் பல ஆண்டுகள் மூத்தது.

இப்போது அந்த 178ஐப் பற்றி ஓர் எச்சரிக்கை. 2020 கணக்கெடுப்பில் தனிமனித அடையாளம் வெளிப்படாதிருக்க, சிறு பகுதிகளின் எண்களில் வேண்டுமென்றே சிறு பிசகைக் கலந்து வெளியிட்டார்கள். மாநிலத்தின் மொத்தத் தொகை மட்டுமே கலப்பில்லாதது. நெப்ராஸ்காவில் மொனோவை என்ற ஊரில் 2010இல் ஒரே ஒருவர் இருந்தார், ஊருக்கு மேயரும் அவரே. 2020 அட்டவணையோ இரண்டு பேர் என்றது. இன்னொருவர் குடிவரவில்லை, புள்ளிவிவரப் பிசகுதான். ஆகவே 178 என்பதை 175க்கும் 181க்கும் இடையில் ஏதோ ஒன்று என்பதுபோல் படிப்பது நல்லது. இதைவிட ஏமாற்றக்கூடியவை ஐந்தாண்டுச் சராசரியாக வெளிவரும் மாதிரிக் கணக்கெடுப்பின் வருமானம், வறுமை, வயது போன்ற எண்கள். இவ்வளவு சிறிய ஊரில் மாதிரிக்குள் வரும் வீடுகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. ஒரு குடும்பம் சேர்ந்தாலோ விட்டுப்போனாலோ விழுக்காடு தலைகீழாகும். அடர்த்தியும் அப்படித்தான். ஊரெல்லைக்குள் ஒரு சதுர கிலோமீட்டருக்கும் குறைந்த நிலமே இருப்பதால் அடர்த்தி சதுர கிலோமீட்டருக்கு இருநூறு என்ற அளவில் வரும். பார்த்தால் நெருக்கமான ஊர்போலத் தோன்றும். எல்லைக் கோட்டைத் தாண்டினால் கவுண்டியின் அடர்த்தி சதுர கிலோமீட்டருக்கு ஒன்றரை. 2011இல் நம் தஞ்சாவூர் மாவட்டத்தில் அது எழுநூறு.

சமவெளி ஊர்கள் எல்லாமே இப்படித் தேய்கின்றன என்ற முடிவுக்கும் வந்துவிடாதீர்கள். தென்மேற்குக் கான்சஸில், ஒகல்லாலா என்ற பெரும் நிலத்தடி நீர்ப்படுகையின் மேல் இருக்கும் கார்டன் சிட்டியில் 2020இல் சுமார் 28,000 பேர். ஆழ்துளைப் பாசனம் மக்காச்சோளத்தைத் தந்தது, அது மாட்டுக் கொட்டில்களைத் தந்தது, அவை இறைச்சி ஆலைகளைத் தந்தன, ஆலைகளின் வேலைக்கு மெக்சிகோ, வியட்நாம், சோமாலியாவிலிருந்தெல்லாம் மக்கள் வந்தார்கள். அந்த நீர் ஆண்டுதோறும் இறங்கிவருவதால் அந்த வளர்ச்சிக்கும் உத்தரவாதம் இல்லை என்பது தனிக்கதை. லெபனானுக்கு அந்தப் படுகையும் இல்லை, ஆலையும் இல்லை, கவுண்டி அலுவலகம் மருத்துவமனை போன்றவை தலைமையூரில். மானாவாரிக் கோதுமையை மட்டும் நம்பிய சேவை ஊர் அது.

இல்லாமல் போகுமா என்ற கேள்விக்கு வருகிறேன். 2010க்கும் 2020க்கும் இடையில் குறைந்தவர்கள் 40 பேர். அதே எண்ணிக்கையில் குறைந்துகொண்டே போனால் நாற்பத்தைந்து ஆண்டில் பூச்சியம். அதே விழுக்காட்டில், அதாவது பத்தாண்டுக்கு 18 விழுக்காடு வீதம், குறைந்தால் ஒருநாளும் பூச்சியம் ஆகாது. ஒரே தரவிலிருந்து இப்படி இரண்டு எதிர்காலத்தை எடுக்க முடியும் என்பதால்தான் இத்தகைய நீட்டிப்புகளை நான் நம்புவதில்லை. 1987இல் இரண்டு ஆய்வாளர்கள் இந்தச் சமவெளியின் பெரும்பகுதியைக் காட்டெருமை மேயும் புல்வெளியாகத் திரும்ப விட்டுவிடலாம் என்று எழுதியபோது அங்குள்ளவர்கள் கொதித்துப்போனார்கள். அதன்பின் ஒரு தலைமுறைக்கு மேல் ஆயிற்று. மக்கள் குறைந்தார்கள், நிலத்தை மட்டும் யாரும் கைவிடவில்லை. 2011இல் கான்சஸ் அரசு தேய்ந்துவரும் கவுண்டிகளில் வெளிமாநிலத்தார் குடியேறினால் ஐந்தாண்டு மாநில வருமான வரி விலக்கு, பட்டதாரிகளுக்குக் கல்விக் கடனில் உதவி என்றெல்லாம் அறிவித்தது. சில சிற்றூர்கள் வீட்டுமனையை இலவசமாகவே தருகின்றன. இவற்றால் ஒரு சில குடும்பங்கள் வந்திருக்கின்றன, திசை மாறவில்லை.

என் கணிப்பு, கணிப்பு மட்டுமே, இது. பண்ணைகளின் பரப்பு இன்னும் ஓரளவு பெருகும், மக்கள் இன்னும் குறைவார்கள், ஆனால் விளைந்த தானியத்தைக் கொட்ட ஓர் இடம் தேவைப்படும்வரை அந்த இடத்தில் ஏதோ ஒரு குடியிருப்பு இருக்கும். 1980இல் ராக் ஐலண்ட் நிறுவனம் நொடித்தபோதுகூடப் பாதையை வேறொரு சிறு நிறுவனம் எடுத்து ஓட்டியது, ஏற்றிச்செல்லக் கோதுமை இருந்ததால். முதலில் போகக்கூடியது 'சிட்டி' என்ற பட்டம்தான். குடிநீர்க் குழாயைப் பழுதுபார்க்க வரி கொடுப்பவரும், மன்றத்தில் உட்கார ஆளும் இல்லாமல் போகும் நாளில் உள்ளாட்சியைக் கலைத்துவிட வழியுண்டு. வீடுகள் அதன்பிறகும் இருக்கும்.

கடைசியாக, பார்க்க என்ன இருக்கிறது என்றீர்கள். தூண் இருக்கிறது, கொடிக்கம்பம் இருக்கிறது, பக்கத்தில் எட்டுப் பேர் உட்கார்ந்தால் நிறைந்துவிடும் ஒரு வெள்ளைச் சிறு தேவாலயம் இருக்கிறது. பெட்ரோலையும் சாப்பாட்டையும் ஸ்மித் சென்டரிலேயே முடித்துக்கொண்டு, 281ஆம் எண் நெடுஞ்சாலையில் ஊருக்கு வடக்கே போய் இடப்பக்கம் பிரியும் குறுஞ்சாலையில் திரும்புங்கள், ஒரு மைல்தான். ஜூன் கடைசி வாரத்தில், மாலையில் போனால் நல்லது. அறுவடை நடந்துகொண்டிருக்கும்; இருட்டிய பிறகும் மெஷின்களின் விளக்கு வயலுக்குள் நகர்ந்துகொண்டிருக்கும். தேவாலயத்தின் வாசலில் நின்றபடி எத்தனை விளக்கு நகர்கிறது, எத்தனை விளக்கு நகராமல் வீட்டில் எரிகிறது என்று எண்ணிப் பாருங்கள். நான் எண்ணிய இரவில் நகர்ந்தவை ஆறு, நகராதவை நான்கு.